உறைநிலைச் சித்தாந்தம்: எடிட்டிங் கணினி ஹேங் ஆவது குறித்த சிற்றாய்வு

பாயிரம்

கல்யாண வீடியோவை எடிட் செய்யும் கணினி, சரியாகத் தாலி கட்டும் இடத்தில் ஹேங் ஆவது ஏன் என்ற வினாவுக்கு முறையான நூல் ஒன்றும் எழவில்லை. எடிட்டர்கள் இதுபற்றி உரைத்தவை ஏராளம். அவை அச்சில் ஏற்றத் தக்கவை அல்ல. அக்குறை தீர்க்க எழுந்தது இது.

ஆய்வுக்களம், சிற்றூர் ஸ்டுடியோ ஒன்றின் மாடியறை. அங்கே ஏசி ஓடுவது கணினிக்காக. மனிதர்கள் அதை அண்டிப் பிழைப்பர். ஆய்வுக் கருவிகள்: விண்டோஸ் மேசைக் கணினி, அதில் பிரீமியர் ப்ரோ அல்லது டாவின்சி ரிசால்வ், நாற்காலிக்குப் பின்னால் நின்று "தம்பி, பந்தியில எங்க சித்தப்பாவ இன்னும் கொஞ்ச நேரம் காட்டுங்க" என்னும் பெண் வீட்டார் ஒருவர். அவர் வந்து நிற்பதற்கும் திரை நிற்பதற்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுக்குரியது. பிறர் மதம் மறுத்துத் தன் மதம் நிறுவும் சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரின் முறைப்படி, பரபக்கம் முன்னும் சுபக்கம் பின்னுமாக இந்நூல் நடக்கும்.

அளவை

ஒன்றை அறியும் வழி காட்சி, கருதல், உரை என மூன்று. இவற்றுள் காட்சி இங்கே செல்லாது. ஒரு நிரல் ஐந்து விநாடி எதற்கும் செவிசாய்க்காவிட்டால், விண்டோஸ் அதன் ஜன்னலை மறைத்துவிட்டு வெளுத்த போலி ஜன்னல் ஒன்றை அங்கே வைக்கும்; தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதும். ஆகவே எடிட்டர் வெறித்துப் பார்ப்பது மென்பொருளை அன்று, அதன் நிழலை. உரை அளவையாகிய கையேட்டை ஓதியவர் களத்தில் எவரும் இலர். எஞ்சியது கருதல். புகையைக் கண்டு நெருப்பை அறிவது பழைய எடுத்துக்காட்டு. கணினிக்கு அது மிகத் தாமதம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மென்பொருளுக்கு நேரே சிபியு, டிஸ்க் எண்கள் ஏறி இறங்கினால் உள்ளே வேலை நடக்கிறது, காத்திருக்க. நெடுநேரம் சுழியத்திலேயே கிடந்தால் 'எண்ட் டாஸ்க்' கொடுக்க.

பரபக்கம்

ரீஸ்டார்ட் வாதி கூறுவது: அணைத்துப் போட்டால் சரியாகும். மறுப்பு: நினைவகம் காலியாவதால் சற்று நேரம் ஓடும், பிறகு அதே கிளிப்பில் நிற்கும். வினை தீராமல் பிறவி மட்டும் மாறி என்ன பயன்?

கிளிக் வாதி கூறுவது: விடாமல் அழுத்தினால் எழும். மறுப்பு: திரை வெளுக்குமுன் அழுத்தியவை வரிசையில் காத்திருக்கும். மென்பொருள் விழித்ததும் அத்தனையையும் நிறைவேற்றிவிடும். அவற்றுள் ஒன்று டெலீட் ஆயின், மாப்பிள்ளை அழைப்பு மறைந்து போகும்.

புது சிஸ்டம் வாதி கூறுவது: ரேம் போதாது. இவர் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கடைக்காரர். 8 ஜிபி ரேமில் 4கே எடிட் செய்வோரைப் பொறுத்தவரை இவர் கூற்று மெய்யே. 32 ஜிபி வைத்திருப்பவரிடமும் இதையே கூறுவதால் இம்மதம் பொதுவிதி ஆகாது.

கண்ணேறு வாதி கூறுவது: கடைக்குத் திருஷ்டி. இவரை எளிதில் மறுக்க இயலாது. ஆயுத பூஜைக்கென்று கேபினட்டைத் திறந்து தூசி தட்டுபவர் இவர் ஒருவரே. ஃபேனில் தூசி அடைந்தால் பிராசஸர் சூடேறும். தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். எனவே இவர் கணினி பூஜைக்குப் பின் நன்றாக ஓடுவது உண்மை. காரணம் எலுமிச்சம்பழம் அன்று.

சுபக்கம்

சித்தாந்தத்தில் உயிரைக் கட்டுவது போலவே, மென்பொருளைக் கட்டும் மலம் மூன்று.

முதலாவது கன்மம்: முன்பு ஷூட் செய்தது இப்போது வந்து வருத்துவது. 2003இல் வந்த எச்.264 முறையில் கேமரா பெரும்பாலும் எல்லாப் படங்களையும் முழுதாக எழுதுவதில்லை. அவ்வப்போது ஒன்றை முழுதாக எழுதி, இடையில் வருபவற்றுக்கு மாற்றத்தை மட்டும் குறிக்கும். மொய் நோட்டில் ஊர்ப் பெயரை ஒருமுறை எழுதிவிட்டு, கீழே 'மேற்படி', 'மேற்படி' என்று போவது போல. நடுவில் ஒரு வரியைக் கேட்டால் மேலே ஏறித்தான் பதில் சொல்லவேண்டும். அப்படி விரித்தெடுத்த 4கே படம் ஒன்று சுமார் 25 எம்பி. விநாடிக்கு 25 படம் என்றால் 620 எம்பியைத் தாண்டும். மூன்று கேமராவை மல்டிகேமில் அடுக்கினால் அதுபோல் மூன்று மடங்கு. உறவினர் செல்போனில் எடுத்ததோ சீரான ஃபிரேம் ரேட்டே இல்லாதது; ஒலி ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம் போகும். பரிகாரம்: பிராக்ஸி என்னும் இலகுவான நகலை உருவாக்கி எடிட் செய்க; செல்போன் காட்சியை ஹேண்ட்பிரேக்கில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றியபின் டைம்லைனில் இடுக.

இரண்டாவது மாயை: கேஷ். மென்பொருள் தன் வசதிக்குத் தானே படைத்துக்கொள்ளும் கோப்புகள். சி டிரைவ் சிவக்கும்வரை இவை பெருகும். அழித்தால் அஞ்சவேண்டாம், வேண்டியதை அதுவே மறுபடி படைத்துக்கொள்ளும். பெண் வீட்டார் கொடுத்த பென்டிரைவிலிருந்து நேரே டைம்லைனுக்கு இழுப்பதும் இவ்வகையே. மென்பொருள் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் பென்டிரைவை உருவிக்கொண்டு விடைபெறுவர்.

மூன்றாவது ஆணவம்: ஒரே கிளிப்பில் ஸ்டெபிலைசர், நாய்ஸ் ரிடக்ஷன், ஸ்லோமோஷன், மேலிருந்து கொட்டும் ரோஜா இதழ். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி தெரியும்.

எந்த கிளிப் என்றே தெரியாவிடில், டைம்லைனைப் பாதியாக வெட்டிப் புதிய பிராஜெக்டில் ஓட்டுக. நிற்கும் பாதியை மறுபடி பாதியாக்குக. 128 நிமிட வீடியோ ஏழே வெட்டில் ஒரு நிமிடமாகச் சுருங்கும்.

பயன்

மும்மலத்துள் களத்தில் பெரிதும் தென்படுவது கன்மமே. இங்கே சித்தாந்தத்துக்கு ஓர் இடர் உண்டு. செய்தவனே வினைப்பயனை நுகர்வான் என்பது விதி. ஸ்டுடியோவிலோ செய்தவர் கேமராமேன், நுகர்பவர் எடிட்டர். கேமரா செட்டிங்கை மாற்றினால் பாதி நோய் தீரும் என்று கேமராமேனிடம் எடுத்துரைக்கலாம். பெரும்பாலான ஸ்டுடியோக்களில் கேமராமேனே முதலாளி என்பதால், இப்பரிகாரம் ஏட்டளவில் நிற்கிறது.