பால்மரத்து உளியும் சூட்டுக் கம்பியும்

மாதிரி விமானத்தின் இறக்கையை நுரைப்பலகையிலிருந்து எடுக்கச் சூடேற்றிய நைக்ரோம் கம்பி ஒன்று போதும். மாமன் ஒரு முனை, மச்சான் மறுமுனை என்று பிடித்துக் கையாலேயே இழுக்கலாம். இருவருக்கும் ஒரே வேகம் அமைவதில்லை என்பதால்தான் மோட்டாரும் கணினியும் நடுவில் வந்தன.

பொறியில் இரண்டு கோபுரங்கள். ஒவ்வொன்றும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகரும். ஆக நான்கு அச்சு. மரம் செதுக்கும் சிஎன்சி மென்பொருள் பெரும்பாலும் மூன்றோடு நின்றுவிடும். ஆர்டுயினோ ஊனோ பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற நிரலுக்கும் மூன்றுதான். நான்கு வேண்டுமென்றால் மெகா பலகையும் அதற்கென மாற்றிய நிரலும் தேவை. பலகையை வாங்கிவைத்துவிட்டு மென்பொருள் தேடுவது, தாலி கட்டிய பிறகு பெண்ணின் பெயரைக் கேட்பது போன்றது.

அடுத்தது இறக்கையின் குறுக்குவெட்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் தொகுப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. செஸ்னா 172 விமானம் பறப்பது நாக்கா 2412 என்ற வடிவத்தில். எண்ணின் கடைசி இரண்டு இலக்கம், தடிமன் அகலத்தில் 12 விழுக்காடு என்கிறது. கோப்பு இரண்டு வகையில் எழுதப்பட்டிருக்கும். ஒன்று பின்விளிம்பில் தொடங்கி மேற்பரப்பு வழியாக முன்விளிம்புக்குப் போய், கீழ்ப்பரப்பு வழியாகத் திரும்பும். மற்றது இரு பரப்பையும் முன்விளிம்பிலிருந்தே தனித்தனியாகத் தொடங்கும். இந்த வேறுபாடு தெரியாத மென்பொருள், மேற்பரப்பை முடித்ததும் கம்பியை இறக்கையின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் அழைத்துவரும். கிடைப்பது சாண்ட்விச்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கெர்ஃப், அதாவது கம்பி உருக்கித் தின்னும் அகலம். பேராக்கின் பழைய தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலாயாவின் தொடக்ககாலப் பால்மரங்கள் 1877இல் கோலகங்சாரில் நடப்பட்டவை. அவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது. அந்த மரங்களின் வாரிசுகளுக்கு நடுவே விடியுமுன் விளக்கோடு நிரைக்குப் போன பாட்டி, ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவினார். தடிமனாகச் சீவினால் பட்டை சீக்கிரம் தீரும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம், களத்தில் கங்காணியின் ஏச்சு. இடமேலிருந்து வலக்கீழாக 30 பாகை அளவில் சரிவு. கெர்ஃப், ஆழம், சாய்வு மூன்றும் பாட்டியின் கையிலேயே நிறுவப்பட்டிருந்தன. உரிமக் கட்டணம் இல்லை. பேரன் அதையே ஈப்போவில் உட்கார்ந்து டாலர் விலையில் தேடுகிறான்.

அளப்பது எளிது. மீன்பெட்டி மூடியில் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வெட்டு, நடுத்துண்டு 18.6 இருந்தால் கெர்ஃப் 1.4. சில மென்பொருள் இந்த முழு எண்ணைக் கேட்கும், சில பாதியை. எதையும் கொடுக்காமல் விட்டால், 200 மில்லிமீட்டர் அகலமுள்ள 2412இன் 24 மில்லிமீட்டர் தடிமன் 22.6 ஆகும், பின்விளிம்பில் மூன்று நான்கு மில்லிமீட்டர் காணாமலே போகும்.

நுனி சிறுத்த இறக்கையில் இன்னொரு சிக்கல். அகலம் அடிப்பக்கம் 200 மில்லிமீட்டர், நுனியில் 120 என்றால், கம்பியின் இரு முனையும் ஒரே நேரத்தில் பயணத்தை முடிக்க வேண்டும். நுனிப்பக்கம் 60 விழுக்காட்டு வேகத்தில் ஊர்வதால் அங்கே அதிகமாக உருகும். ஆகவே இரு முனைக்கும் தனித்தனிக் கெர்ஃப் ஏற்காத மென்பொருளை மேலே பார்க்கவே வேண்டாம். கோபுர இடைவெளியையும் அது கேட்க வேண்டும்: 600 மில்லிமீட்டர் இறக்கையை ஒரு மீட்டர் இடைவெளியின் நடுவில் வைத்தால் கோபுரங்கள் உண்மையில் நகர வேண்டியது ஏறத்தாழ 227, 93.

கடையில் இருப்பவை: இத்தாலியின் புரோஃபிலி, டெவ்ஃபோம், இலவசமாகக் கிடைக்கும் பிரெஞ்சு ஜெடிகட். புரோஃபிலி குறுக்குவெட்டுக் களஞ்சியம். படம் பார்த்தே ஒரு மாதம் ஓட்டலாம். பொறியை ஓட்ட லினக்ஸ்சிஎன்சி இலவசம், நான்கு அச்சும் அதற்குப் பழக்கம். ஆனால் லினக்ஸ் படிக்கும் பொறுமையும் வேண்டும். அதே வேலைக்கான மாக்3இன் கட்டணமில்லாப் பதிப்பு, வெட்டு நிரலின் 500 வரியோடு நிற்கும். ஓர் இறக்கைக்கு இருநூற்றுச் சொச்சம் வரி போதும் என்பதால், சிக்கனக்காரர்கள் அதிலேயே காலம் தள்ளுகிறார்கள். இணைத்துறை வழியாக ஓட்ட அதற்கு 32 பிட் விண்டோஸ் வேண்டும், அதாவது தூக்கிப்போட வைத்திருந்த கணினி. அதைத் துடைத்து எடுத்துவைக்கலாம். இணையத்தோடு மட்டும் இணைக்கக் கூடாது. பாதி வெட்டில் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கிளம்பினால் மோட்டார் நிற்கும், சூடு நிற்காது. இறக்கையின் நடுவே உளுந்துவடைத் துளை விழும்.