பதவுரைப் பரமசிவம்

எந்தச் சொல்லையும் சும்மா போகவிடாத மனிதர் ஊருக்கு ஒருவர் உண்டு. எங்கள் பேட்டைக்கு வாய்த்தவர் பரமசிவம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் சிலர் மாடித்தோட்டம் போடுவார்கள். சிலர் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவார்கள். இவர் சொற்களை வழிமறிக்கிறார். “காலையில் வருகிறேன்” என்றால், “எந்தக் காலை? வலதா, இடதா?” என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரோடு டிபன் சாப்பிடப் போனது என் தப்பு. புதிதாகத் திறந்த ஓட்டல். மெனு கார்டில் ஊத்தப்பத்துக்குக் கீழே ‘பேன்கேக்’ என்று போட்டிருந்தது. அதில் அவர் விரல் நின்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“ரெண்டு பேன்கேக்” என்றவர், சர்வரை நகரவிடவில்லை.

“தம்பி, 1940-ல பிரிட்டிஷ் விமானப்படையில ரேடியோவுல ‘பேன்கேக்’னு சொன்னா, இறங்கி வந்து பெட்ரோலும் தோட்டாவும் நிரப்பிக்கோன்னு அர்த்தம். வேகம் செத்த விமானம் தட்டையா பொத்துனு விழுந்தாலும் அதே பேருதான்.”

“சார், வந்து…”

“இரு. சினிமாவுக்கு வா. கலர்ப் படத்துக்காக மேக்ஸ் ஃபேக்டர் கம்பெனி கொண்டுவந்த மேக்கப்பும் பேன்கேக். ஈர ஸ்பாஞ்சால பூசணும். நம்ம ஜெமினி ஸ்டுடியோவுக்கு அது லாரி லாரியா வந்த கதையை அசோகமித்திரன் எழுதியிருக்கார். ஹாலிவுட்ல குட்டை ஹீரோவை உயர்த்திக் காட்ட மரப்பெட்டி வைப்பாங்க. அதுல ஒரே அங்குல உயரப் பெட்டிக்கும் பேன்கேக்னுதான் பேரு!”

“சார்…”

“வாலிபால் பாக்கி இருக்கே! பந்து தரையில விழறதுக்குள்ள உள்ளங்கையைத் தரையோட தரையா ஒட்டி வைப்பாங்க. புறங்கையில பட்டுப் பந்து எழும்பும். இப்படி!”

மேசைமேல் செய்து காட்டினார். தண்ணீர் தம்ளர் என் வேட்டியில் தரையிறங்கியது.

“சார், பேன்கேக் தீர்ந்துபோச்சு” என்றார் சர்வர், கிடைத்த இடைவெளியில்.

“முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீங்க விட்டாத்தானே சார்!”

பரமசிவம் கோபப்படவில்லை. அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது.

“தீர்ந்துபோச்சு! பாத்தியா? கடனும் தீரும், காய்ச்சலும் தீரும், பேன்கேக்கும் தீரும்…”

சர்வர் ஒரு கணம் யோசித்தார். “கோர்ட்டுல குடுக்கற தீர்ப்பும் இதுலேருந்து வந்ததுதானா சார்?”

பரமசிவம் பக்கத்து நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டார்.

நான் சாப்பிடாமலேயே கைகழுவினேன்.