ஃபார்வர்டியல்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் விழும் பொய், பெருமைப் பொய், அச்சப் பொய் என இருவகைப்படும். காலை வணக்க ரோஜாவை மூன்றாவதாகக் கொள்வாரும் உளர். அது மெய்யும் அன்று, பொய்யும் அன்று ஆதலின் ஈண்டு விலக்கப்பட்டது.

திருநள்ளாற்றுக்கு மேலே செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்று போகும், நாசாவே திகைத்தது என்பது பெருமைப் பொய்க்குக் காட்டு. தேசிய கீதத்துக்கு யுனெஸ்கோ கொடுத்த முதலிடமும் அவ்வினமே. சாட்சி தொலைவில் இருத்தல் இதன் இலக்கணம். உள்ளூர்த் தாசில்தார் சொன்னதாக எழுதினால் மறுநாளே குட்டு உடைந்துவிடும். இதனால் யாருக்கும் கேடில்லையே எனின், அற்றன்று. நாசாவை அனுப்பிப் பழகிய விரல்தான் அடுத்ததையும் அனுப்புகிறது.

அச்சப் பொய் விகாரத்தால் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். எங்கோ எதற்கோ நடந்த அடிதடி, 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படும் வீடியோவாக உருமாறியது திரிதல். பீகார் அரசு ஒரு குழுவையே இங்கு அனுப்ப நேர்ந்தது. கெடுதல் நுட்பமானது, எதையும் சேர்ப்பதில்லை. கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படமொன்றில், பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை அட்டையைக் காட்டுவார்கள். அந்தப் பின்பாதி வெட்டுண்டு, தூக்கிப்போனது மட்டும் இந்தியா முழுக்கச் சுற்றியது.

தோன்றலாவது, இல்லாத பிள்ளைபிடிக் கும்பல் ஊருக்குள் வந்துவிட்டது என்பது. 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிடக் காரில் போன சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் அவரை அடித்தே கொன்றது.

அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப், வந்த செய்தியை அனுப்பினால் அதற்கொரு முத்திரை குத்தத் தொடங்கியது. இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் அனுப்ப முடியாது என்றும் வரம்பு கட்டியது. முத்திரையை யார் பார்த்தார்கள்? முதலில் எழுதியவன் தோன்றா எழுவாய். குரூப்புக்குத் தெரியும் எழுவாய், அதை அனுப்பிவைத்த பெரியப்பா ஒருவரே. ஐம்பது வருஷம் கடன் வாங்காமல், கல்யாணங்களுக்கு முன்னின்று அவர் சேர்த்த நம்பகம் முழுவதும் முகம் தெரியாத ஒருவனின் பொய்க்கு ஜாமீனாகிறது.

இனி வசை. இது பொய் சொன்னவர்மேல் செல்லாது, திருத்தியவர்மேல் செல்லும். அகவசை, புறவசை என இரண்டு. “படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமாம்மா?” என்பது அகவசை, அடுத்த தீபாவளியோடு ஆறிவிடும். புறவசை முகநூலில் நிகழ்வது. திருத்தியவர் ஆணாயின் எந்தக் கட்சி என்பார்கள், என்ன சாதி என்பார்கள். பெண்ணாயின் கட்சியைக் கேட்பதற்கு முன்பே ஒழுக்கத்துக்கு வந்துவிடுவார்கள். படத்தை எடுத்து வேறொரு உடலில் ஒட்டுவோரும் உண்டு.

ஒழிபு: ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’ தம்பி மகள் சொன்னபின் பெரியப்பா அழித்ததன் எச்சம் இது. கண்டவுடன் நாலு பேர் போன் போட்டு, “என்னண்ணே அது?” என்று கேட்பார்கள். அவரும் விரிவாகச் சொல்வார். வாய்மொழிக்கு ஐந்து என்ற வரம்பு இல்லை.