மாமன் சொல்லும் ஓட்டோ வைத்தியம்

வா மாப்ள, உக்காரு. முதல்ல ஒரு பிளேன்டி குடி. நீ டோஹாவில இருந்து வந்ததும் தெரியும், வந்த நாள்ல இருந்து ஸ்டார்ட் ஆகாத உன் ஓட்டோவோட மல்லுக்கட்டுறதும் தெரியும். கட்டுகஸ்தோட்டை சந்தியில படுத்துக்கிடக்கிற நாய்க்கே தெரிஞ்ச சேதி எனக்குத் தெரியாமலா போகும்? முன்னால தொங்குற எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதுசு. சக்கரத்துப் பக்கத்துல உடைச்ச தேங்காய் ஓடு. சாமிக்கு ஒரு குறையும் வைக்கல. பெற்றோல் டேங்கு மூடியைத் திறந்து மோந்து மட்டும் பாக்கல.

கராஜ் பாஸ் என்ன சொன்னாரு? எஞ்சினை இறக்கணும்னாரா? சொல்லத்தான் செய்வாரு, அவரு வீட்டுலயும் அடுப்பு எரியணுமே. நீ பொறு. நல்லா ஓடிக்கிட்டிருந்த எஞ்சின், நீ இல்லாதப்ப தறப்பாளுக்குள்ள படுத்துக்கிடந்ததால மட்டும் உடைஞ்சு போகாது.

முதல்ல காசு செலவில்லாத இடத்தைப் பாரு. சீட்டுக்குக் கீழ இருக்கே பெற்றோல் திருகு, அது திறந்திருக்கா? பிளைட் ஏறுறதுக்கு முன்னாடி புத்திசாலித்தனமா நீதான் அதை மூடிவச்ச. சிரிக்காத. ஊரே கூடி நின்னு ஓட்டோவைத் தள்ளும், திருகு மூடியே கிடக்கும். அதை நான் நிறையப் பாத்திருக்கேன்.

அது சரின்னா, டேங்கை மோந்து பாரு. பெற்றோல் வாடைக்குப் பதிலா வார்னிஷ் வாடை அடிச்சா வியாதி பிடிபட்டுருச்சு. சட்டுன்னு தீப்பிடிக்கிற லேசான சரக்குதான் பெற்றோல்ல முதல்ல ஆவியாப் போகும். மிச்சம் கிடக்கிறது மாசக்கணக்குல காத்துப் பட்டுப் பட்டுப் பிசினாகும். கார்புரேட்டருக்குள்ள ஜெட்டுன்னு ஒரு பித்தளைத் துண்டு, அதுல ஊசிமுனை ஓட்டை. அந்தப் பிசின் போய் உக்காருறது அங்கதான். பத்தாததுக்கு நம்ம வீடு ஆத்தோரம். டேங்கு பாதி காலியா இருந்தா மகாவலிப் பனி ராத்திரி உள்ள போய் வேர்த்துத் தண்ணியாகும். தண்ணி பெற்றோலை விடக் கனம், அடியில தங்கும். குழாய் இழுக்கிறதும் அடியில இருந்துதான். அப்புறம் நீ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் எஞ்சினுக்கு முதல்ல போறது தண்ணிதான்.

அதனால பழைய பெற்றோலைச் சொட்டு விடாம இறக்கு. கார்புரேட்டர் அடிக் கிண்ணத்தைக் கழட்டி, ஜெட்டைக் கிளீனர் அடிச்சுக் கழுவி, காத்து விட்டு ஊது. ஓட்டையில கம்பியை விட்டுக் குடையாத. ஓட்டை பெருசானா அப்புறம் ஓட்டோ புகையா தள்ளும்.

அப்போ, ஆச்சி கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வச்சிருக்கியே ஒரு கேன், அதை ஊத்தலாம்னுதானே யோசிக்கிற? எனக்குத் தெரியும்டா. 2022 ஜூன் கடைசியில 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறிச்சு. அடுத்த மாசம் கியூஆர் வந்துச்சு, ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்னு அளந்து குடுத்தாங்க. ஷெட் வாசல்ல ராத்திரி பூரா படுத்துக் கிடந்து வாங்கின பெற்றோல், வீச மனசு வராதுதான். ஆனா அது கெட்டுப்போய் வருஷமாச்சு. கியூஆரையே 2023 செப்டம்பர்ல தூக்கிட்டாங்க, நீ மட்டும் இன்னும் கேனைக் காவல் காக்குற.

புது பெற்றோல் ஊத்தியும் பேசலையா? ஸ்டார்ட் லீவரை நல்லா இழுத்துப் பாத்துட்டு பிளக்கைக் கழட்டு. நனைஞ்சு பெற்றோல் வாடை அடிச்சா, பெற்றோல் வருது, நெருப்பு வரல. காஞ்சு கிடந்தா, பெற்றோலே வந்து சேரல. இந்த ஒரு விசயம் தெரிஞ்சா பாதி கராஜ் செலவு மிச்சம். பிளக்கைத் தொப்பியில மாட்டி, இரும்புப் பக்கத்தை எஞ்சின்ல ஒட்டவச்சு இழுத்துப் பாரு. நீலமா சுருக்குன்னு வெட்டினா நல்ல பிளக். மஞ்சளா மினுங்கினாலோ ஒண்ணுமே வராட்டியோ புதுசு வாங்கு. இறக்கின பெற்றோலைத் தூரக் கொண்டுபோய் வச்சிட்டு இந்த வேலையைச் செய். பீடியையும் வெளியில வை. மீசை போனா உனக்குப் பொண்ணு பாக்குறது கஷ்டம்.

காத்து வடிகட்டியையும் கழட்டிப் பாரு, எலி குடும்பத்தோட இருக்கும். வயரையும் கடிச்சிருக்கும். கனடாவில இருக்கான்ல உன் சித்தி மகன், அவன் பனியில ஓட்டுற வண்டி ஒண்ணு வச்சிருக்கான். கோடை பூரா அது தூங்கும், பனி விழுந்ததும் இதே கூத்துதானாம். கியூபெக்ல பொம்பார்டியேன்னு ஒருத்தர் 1959லயே ஸ்கீ-டூன்னு அந்த வண்டியை விக்க ஆரம்பிச்சுட்டாரு. இன்னும் அங்கயும் பிசின், அங்கயும் எலி. அவங்க மூடி வைக்கிறதுக்கு முன்னாடியே டேங்குல ஒரு மருந்து கலந்து, அது கார்புரேட்டர் வரைக்கும் போற மாதிரி கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிப்பாட்டுறாங்க. நீ தறப்பாளைப் போட்டு, ஆச்சியைக் கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டுப் போயிட்ட. அது பாவம், கிழமைக்கு ஒருக்காத் துடைச்சுத் திருநீறு பூசிச்சு.

பற்றரி? நிறைஞ்சிருந்தா 12.6 வோல்ட் காட்டணும். 12க்குக் கீழ மாசக்கணக்குல கிடந்திருந்தா தகட்டுல உப்புப் படிஞ்சிருக்கும், சார்ஜ் ஏத்தினாலும் தாங்காது. கண்டிக்காரனுக்குச் சரிவு சாமி குடுத்த பற்றரி. சாவியைப் போட்டு, ரெண்டாம் கியர்ல கிளச்சைப் பிடிச்சு உருட்டி விட்டுப் பாக்கலாம். ஆனா கார்புரேட்டரைக் கழுவினதுக்கு அப்புறம். அதுக்கும் மாத்தளை ரோட்டுப் பக்கம் போகாத, பஸ்காரன் உனக்காகப் பிரேக் பிடிக்கமாட்டான்.

எஞ்சினை இறக்கணுமா வேணாமான்னு இதெல்லாம் முடிச்சிட்டு வந்து கேளு. கடைசியா ஒண்ணு. இறக்கின பழைய பெற்றோலை பாஸ்கிட்டக் குடு, சாமான் கழுவ வச்சுக்குவாரு. இருட்டுல கொண்டுபோய் ஆத்துல மட்டும் ஊத்திராத. கண்டிக்குக் குடிதண்ணி சுத்திகரிக்கிற இடம் நம்ம கட்டுகஸ்தோட்டையிலதான் இருக்கு, அவங்க எடுக்கிறதும் மகாவலித் தண்ணிதான்.