கைவிட்ட சபதங்களும் பெல்ட் கிரைண்டர் மோட்டாரும்: ஓர் ஆய்வு

கத்திப் பட்டறையின் பெல்ட் கிரைண்டருக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மோட்டார் எதற்கு என்று கேட்பார் உளர். தோய்ச்சல் ஏறாத எஃகுப் பட்டையை உருவத்துக்குக் கொண்டுவர எவ்வளவு வேகமும் தகும். தோய்ச்சல் ஏறியபின் அதே வேகத்தில் தொட்டால் கத்தியின் வாய் நீலம் பாரித்துவிடும். நீலம் என்றால் ஏறக்குறைய 300 டிகிரி; 200 டிகிரியில் பதம் பார்த்த கார்பன் எஃகுக்கு அதுவே மரணச் சான்றிதழ். 1440 சுற்று மோட்டாரில் நாலு அங்குலச் சக்கரம் மாட்டினால் பெல்ட் நொடிக்கு 7.7 மீட்டர் ஓடும். 2880 சுற்றில் அதன் இரட்டிப்பு. முன்னது உருவம் கொண்டுவரப் போதாது. பின்னது வாயைச் சுட்டுவிடும். இரண்டு வேகமும் வேண்டும், காசும் அதிகம் போகக்கூடாது என்னும் இக்கட்டுக்கு இவ்வாய்வு முன்வைக்கும் கருதுகோள் ஒன்றே: மலிவான மாறுவேக மோட்டார் கடையில் இல்லை, பிறர் கைவிட்ட சபதத்துக்குள் இருக்கிறது.

சான்று, டிரெட்மில். ஜனவரி முதல் தேதி சபதத்தோடு வீட்டுக்கு வரும் இந்த இயந்திரம், சித்திரை பிறப்பதற்குள் ஈரத்துண்டு காயப்போடும் கொடியாகிவிடுகிறது. அதனுள் இருப்பதோ நிலைக்காந்த டி.சி. மோட்டார், வோல்ட்டைக் குறைத்தால் வேகம் குறையும், கூட்டினால் கூடும். அதற்கான போர்டும் அதே பெட்டிக்குள் கிடக்கிறது. விலைக்கு வரும்போது மோட்டாரின் தேய்மானத்தை யாரும் கணக்கிடுவதில்லை. கூடத்தில் அது அடைத்திருக்கும் இடமும், அதைக் கடக்கும்போதெல்லாம் வீட்டார் சொல்லும் ஒரு சொல்லுமே விலையைத் தீர்மானிக்கின்றன. பிற வீட்டு இயந்திரங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். மாவு கிரைண்டரும் மிக்சியும் சாகும்வரை உழைப்பவை. ஆதலால் காயலான் கடைக்கு அவற்றின் மோட்டார் பிணமாகவே வந்து சேர்கிறது. டிரெட்மில் மோட்டார் மட்டுமே கார்பன் பிரஷ்கூடத் தேயாமல் இளமையில் வருகிறது. உரிமையாளரின் சோம்பலை இத்தனை நேர்த்தியாகச் சேமித்துவைக்கும் பொருள் வேறில்லை.

இனி மறுப்புகள். சாதாரண சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு ஃபேன் ரெகுலேட்டர் போட்டால் ஆகாதா என்பர். ஆகாது. என்னை? மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் அதன் சுமையும் கூடவே இறங்கும். எஃகை அழுத்தும் கை அப்படி இறங்காது. மோட்டார் திணறிச் சுடும். ஸ்டார்ட்டிங் சுற்றைத் துண்டிக்கும் ஸ்விட்ச் உள்ளதென்றால், வேகம் விழுந்ததும் அது மீண்டும் ஒட்டிக்கொண்டு, காயில் கருகும் மணமே முடிவாகும். வேகத்தை மாற்றும் டிரைவ் போட்ட த்ரீ பேஸ் மோட்டாரே சிறந்தது என்பது அடுத்த கட்சி. சிறந்தது என்பதை மறுக்கவில்லை. மலிவு என்பதையே மறுக்கிறோம். வீட்டு 230 வோல்ட்டை வாங்கும் சின்ன டிரைவ், த்ரீ பேஸாக 230 வோல்ட்தான் தரும். நம்மூரில் கிடைக்கும் ஒன்று, இரண்டு குதிரைத்திறன் மோட்டார்களோ பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாராகக் கட்டியவை. அப்படியே இணைத்தால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். டெர்மினல் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும்: ஆறு முனை இருந்தால் பட்டைகளை மாற்றி டெல்டாவாக்கலாம்; மூன்றே இருந்தால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள் வார்னிஷ் பூசிப் புதைந்திருக்கிறது என்று பொருள். காயில் கட்டுபவர் அதைத் தோண்டி எடுக்கும் கூலி யாருடைய மலிவுக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. நாள் முழுதும் கத்தி செய்து பிழைப்பவர் தாராளமாக இதையே வாங்கட்டும், இக்கட்டுரை அவருக்கானதன்று.

டிரெட்மில் மோட்டார் காற்றை உள்ளிழுக்கும் திறந்த உடம்புக்காரன், காந்தமோ இரும்புத்தூளை விடாது என்னும் மூன்றாம் மறுப்புக்கு மட்டும் இவ்வாய்வு தலைவணங்குகிறது. முழுக்க மூடினால் வெந்துபோகும். நடுவே ஒரு தகட்டுத் தடுப்பு வைத்து, தூசியில்லாத மூலையிலிருந்து குழாய் வழியே காற்று கொடுப்பதே வழி. ஒட்டுத்தாளில் அச்சடித்திருக்கும் குதிரைகளையும் நம்பவேண்டாம். மோட்டார்த் தகட்டில் 90 வோல்ட், 10 ஆம்பியர் என்றிருந்தால் உள்ளே போவதே 900 வாட்தான், ஒன்றேகால் குதிரைக்குச் சற்றுக் குறைவு. சுழலும் திசையில்தான் எஞ்சிய சிக்கல். இரண்டு ஒயரை மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது உண்மை. ஆனால் அதன் கனத்த சக்கரம் பல மோட்டார்களில் தண்டின் மரையில் திருகப்பட்டது. எதிர்ப்பக்கம் ஓடினால் தானே கழன்றுவிடும். ஆகவே மோட்டாரின் சுழற்சியைத் திருப்பாமல் அதைக் கிரைண்டரின் மறுபக்கத்தில் மாட்டுவதே முறை. முன்னோக்கியே ஓடாத ஒருவரின் வீட்டில் வளர்ந்த மோட்டாரைப் பின்னோக்கி ஓடு என்பதும் நியாயமில்லை.