பெயின்ற் அடிச்சதையே வாங்கு, மோனை

வெள்ளவத்தையிலை பாத்த அந்த ஹாம் றேடியோச் செட்டையே வாங்கு, மோனை. நான் மறிக்கயில்லை. புதுப் பெயின்ற் என்ன, மினுங்கிற குமிழ் என்ன! வீட்டுக்கு வாற சனம் அதைத்தானே பாக்கும்.

கொட்டாஞ்சேனைக் கிழவன்ரை செட்டை விடு. இரண்டும் ஒரே ஹீத்கிட் எச்.டபிள்யூ-101 தான். 80 மீற்றர் அலையிலையிருந்து 10 மீற்றர் அலை மட்டும் பேசும், கடைசியிலை இரண்டு 6146 வால்வு. கொம்பனிக்காரன் பாகங்களையும் புத்தகத்தையும் பெட்டியிலை போட்டு அனுப்பினதோடை சரி. பொருத்தினது வாங்கினவன்ரை கை. கிழவனுக்கு வேறை வேலை இருக்கயில்லைப் போலை. புத்தகத்திலை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலை பென்சிலாலை சரி போட்டு, எந்த வால்விலை எத்தினை வோல்ட் எண்டு ஓரமெல்லாம் கிறுக்கி, நல்ல புத்தகத்தைப் பழுதாக்கிப்போட்டான். காய்ஞ்ச கண்டென்சரையெல்லாம் கழட்டிப் புதுசு வேறை போட்டிருக்கிறான். பழமைக்கு மரியாதை தெரியாத மனிசன்!

உன்ரை செட் அப்பிடியில்லை. மூடியைத் திறந்தா ஈயம் ஆட்டுப்புழுக்கை மாதிரிச் சாம்பல் நிறத்திலை உருண்டு கிடக்கு. புத்தகம் இல்லை, வாசிக்கிற கரைச்சலும் இல்லை. உப்புக்காத்துக் குடிச்ச சுவிச்செல்லாம் பச்சை பிடிச்சிருக்கு. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சிதானே. பவர் சப்ளை அமெரிக்கன்ரை 110 வோல்ட்டுக்குக் கட்டினது. எங்கடை 230ஐக் குடுத்துப் பார். மற்ற ஹாம்காரர் அலையை அனுப்புவினம், நீ புகையே அனுப்பலாம்.

இது மட்டும் பகிடியில்லை: உள்ளுக்கை 700 வோல்ட்டுக்கு மேலை ஓடும். நிப்பாட்டின பிறகும் கண்டென்சருக்குள்ளை நிக்கும். கையை விட்டிடாதை.

1992இலை ஹீத்கிட்காரன் கிட் விக்கிறதை நிப்பாட்டிப்போட்டான், இனி வராத சாமான் எண்டு வெள்ளவத்தைக்காரன் விலை ஏத்துறான், என்ன? ஏத்தட்டும். நீ காசுள்ள பிள்ளை. 4எஸ்7 எண்டு தொடங்கிற அழைப்புக்குறிக்குச் சோதினை எழுதி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவிலை லைசென்ஸ் எடுக்கிற எண்ணமும் உனக்கில்லை. பேசாத செட்டுக்குப் பெயின்ற்தானே முக்கியம்.

முந்தி எட்வேர்ட் ஹார்ப்பர் எண்டொரு வெள்ளைக்காரத் துரை, கொழும்புத் தந்திக் கந்தோரிலை, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின்ரை றேடியோப் பாகங்களை வைச்சுத்தான் பாட்டு ஒலிபரப்பிப் பாத்தவர். 1925 டிசம்பர் 16இலை கொழும்பு வானொலியே தொடங்கிப்போட்டுது. பாவம் மனிசன், எதை எங்கை பொருத்திறது எண்ட யோசினையிலை பெயின்ற்றை மறந்துபோனார். உனக்கு அந்த மறதி வராது.

சரி, காசைக் கட்டப் போறாய். போக முதல் கொட்டாஞ்சேனைக் கிழவன்ரை விலாசத்தை இந்தத் துண்டிலை எழுதித் தா. விலையும் எழுது. எனக்கு நாளைக்கு அந்தப் பக்கம் லூசியா தேவாலயத்தடியிலை ஒரு அலுவல் இருக்கு.

என்ன சிரிக்கிறாய்? சைவக்காரன் எண்டா அந்தப் பக்கம் போகக்கூடாதோ?