கொம்பு வைத்த மேனேஜரும் ஓடில்லாத பி.ஏ.வும்

‘கேம்ப் லாஸ்லோ’ கார்ட்டூனில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று சொல்லுங்கள், ஆதார் அட்டையைப் பார்க்காமலே உங்கள் வயதைச் சொல்லிவிடுகிறேன். லாஸ்லோ என்கிற குரங்கைப் பிடித்தால் உங்களுக்கு இன்னும் பால்பல் விழுந்துகொண்டிருக்கிறது. எட்வர்ட் என்கிற சிடுமூஞ்சி பிளாட்டிபஸ் மேல் பரிவு வந்தால் மீசை முளைக்கிற வயது. ஸ்லிங்க்மேன் என்கிற நத்தையைப் பார்த்துத் தொண்டை அடைத்தால் சந்தேகமே வேண்டாம், நீங்கள் மாதச் சம்பளக்காரர். லம்பஸ் என்கிற மூஸ் கத்துவதில் நியாயம் இருப்பதாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டதா? எதற்கும் ஒருமுறை சர்க்கரை டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இதை மூன்று தலைமுறையும் பார்க்கிறது. மகள் எங்கிருந்தோ தேடிப் பிடித்தாள். நான் அவளுக்குத் துணையாக உட்கார்ந்தேன். ரிமோட் கிடைக்காத கோபத்தில் அப்பா உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் மகள் எழுந்து விளையாடப் போய்விட, நாங்கள் இருவரும் மட்டும் குரங்கையும் யானையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். காப்பி கொண்டுவந்த மனைவி, “பாப்பா எங்கே?” என்று கேட்டபோது இருவருக்குமே பதில் தெரியவில்லை.

கதை பெரிய விஷயமில்லை. கேம்ப் கிட்னி என்று காட்டுக்குள் ஒரு கோடை முகாம். அதில் இருக்கிற பையன்களுக்கு பீன் ஸ்கவுட்ஸ் என்று பெயர். லாஸ்லோ சிலந்திக் குரங்கு, ராஜ் இந்திய யானை, கிளாம் குட்டையான காண்டாமிருகம். மூவரும் ஒரே கேபினில். லீக்கி லேக் என்ற ஏரிக்கு அந்தக் கரையில் ஏகார்ன் ஃபிளாட்ஸ். அங்கே பெண் பிள்ளைகளான ஸ்குவிரல் ஸ்கவுட்ஸ். அந்தப் பக்கம் எல்லாம் துப்புரவாக, நேரத்துக்கு நடக்கும். இந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று முகாம் தலைவருக்கே தெரியாது. கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2005 ஜூலையில் ஆரம்பித்து 2008 மார்ச்சில் முடிந்துபோன தொடர். ஒவ்வொரு கதையும் பதினோரு நிமிஷம்தான். ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அந்தத் தலைவர்தான் லம்பஸ். அவருக்குக் குழந்தைகளைப் பிடிக்காது. காட்டைப் பிடிக்காது. சத்தம் அறவே பிடிக்காது. ஆனால் உத்தியோகம், காட்டுக்குள் குழந்தைகள் முகாம் நடத்துவது. இதில் எந்த முரண்பாடும் அப்பாவுக்குத் தெரியவில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முதல் நாளே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ஏண்டா, அந்தக் கொம்பன் ஒரு பேப்பரையும் தொடமாட்டான் போலிருக்கே. எல்லாத்தையும் அந்த மஞ்ச நத்தைதானே பாக்குது?” என்றார்.

“அது அசிஸ்டென்ட் பா.”

“அசிஸ்டென்ட் இல்லடா. அதுதான் ஆபீஸு.”

இரண்டே வார்த்தையில் தொடரின் பாதியைச் சொல்லிவிட்டார். ஸ்லிங்க்மேனுக்கு முகாமும் தெரியும், பிள்ளைகளும் தெரியும், லம்பஸ் எப்போது எதற்குக் கத்துவார் என்பதும் தெரியும். தெரிந்தும் “எஸ் சார்”. முதுகெலும்பு இல்லாத பிராணியாகப் பார்த்து அந்த வேஷத்தைக் கொடுத்திருக்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. நான் இருக்கிற ஆபீஸில் என்னைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்களோ?

இன்னொன்று தெரிந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். லம்பஸுக்கும் ஸ்லிங்க்மேனுக்கும் குரல் கொடுத்தவர் ஒரே ஆள், டாம் கென்னி. ஸ்பாஞ்ச்பாப் குரலும் இவருடையதுதான். அதாவது மைக் முன்னால் நின்று அவரே அவரைத் திட்டி, அவரே பணிவாக மன்னிப்பும் கேட்டிருக்கிறார். நாமும் தினமும் ஆபீஸ் லிஃப்டில் செய்வதுதான். அவர் அதற்குச் சம்பளம் வாங்குகிறார்.

அந்த நத்தை கற்பனை இல்லை. பனானா ஸ்லக் என்று கலிஃபோர்னியாவின் ஈரமான காடுகளில் நிஜமாகவே ஊர்கிறது, வாழைப்பழ நிறத்தில். சாண்டா குரூஸில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அதைத் தன் அதிகாரபூர்வச் சின்னமாகவே வைத்திருக்கிறது. மற்ற கல்லூரிக்காரர்கள் புலி, கரடி, கழுகு என்று சட்டையில் போட்டுக்கொண்டு விளையாட வரும்போது இவர்கள் நத்தையோடு வருகிறார்கள். தொடரை உருவாக்கிய ஜோ மர்ரி பிறந்த சான் ஹோசே, மலையைத் தாண்டினால் அந்த ஊர்தான்.

மர்ரி இதற்கு முன் செய்தது ‘ராக்கோஸ் மாடர்ன் லைஃப்’. 1993இல் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒரு வாலபி, காமிக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, சலவைக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கும் அல்லாடுகிற கதை. பெரியவர்களின் அன்றாட அவஸ்தையை எடுத்துக் குழந்தைகள் சேனலில் ஓட்டியவர் அவர். லாஸ்லோவில் அதையே திருப்பிப் போட்டார். குழந்தைகளின் இடத்துக்குள் பெரியவர்களைக் கொண்டுவந்து அடைத்தார். பெரும்பாலான கார்ட்டூன்களில் அப்பா அம்மாவுக்கு இடுப்புக்கு மேல் உடம்பே இருக்காது, அல்லது ஊருக்குப் போயிருப்பார்கள். இங்கே லம்பஸுக்குக் காதல் இருக்கிறது (அந்தக் கரையில் இருக்கும் ஜேன் டோ மேல், சொல்லவும் தைரியம் இல்லை), மேலதிகாரி பயம் இருக்கிறது, தூக்கமின்மை இருக்கிறது. அதனால்தான் குழந்தை போன பிறகும் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

மேலதிகாரியின் பெயர் கமாண்டர் ஹூஹா. காட்டெருமை. அவர் வந்து இறங்கினால் லம்பஸின் குரல் பத்து டெசிபல் குறையும், முதுகு தானாக வளையும். அந்தக் கட்டம் வந்தாலே அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. முந்தின நாள் இரவு ஃபைல்களுக்குப் புதுநாடா கட்டுவது, வாசலில் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, இளநீர் சொல்லி வைப்பது எல்லாவற்றையும் கார்ட்டூனுக்கு நடுவிலேயே சொல்லி முடித்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் லாஸ்லோ மேல் ஆசையாக இருக்கும் பாட்சி இந்த ஹூஹாவின் மகள் என்று தெரிந்ததும் கவலைப்பட்டது அப்பா மட்டும்தான். “பையன் பாத்து இருந்துக்கணும்.”

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இந்த முகாம் கதை ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், அங்கே பள்ளிக் கோடை விடுமுறை இரண்டு மாதத்துக்கு மேல். வேலைக்குப் போகிற பெற்றோர் பிள்ளையை எங்கே விடுவது? காட்டில் விடுகிறார்கள். பழக்கமும் புதிதல்ல. கனெக்டிகட்டில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் 1861இலேயே மாணவர்களை நடத்திக் கூட்டிப்போய்க் கடலோரத்தில் கூடாரம் அடித்திருக்கிறார். 1907இல் இங்கிலாந்தில் பேடன் பவல் பிரவுன்ஸீ தீவில் பையன்களோடு முகாமிட, சாரணர் இயக்கம் பிறந்தது. 1910இல் அது அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. 1912இல் பெண் பிள்ளைகளுக்கும் தனி இயக்கம் வந்தது. அப்புறம் காக்கிச் சட்டை, கழுத்துத் துணி, பேட்ஜ், கொசு. முகாமைக் கேலி செய்வதும் அங்கே ஒரு பரம்பரைத் தொழில். ஆலன் ஷெர்மன் என்ற நகைச்சுவைப் பாடகர் 1963இல் முகாமிலிருந்து பையன் வீட்டுக்கு எழுதும் கடிதத்தையே பாட்டாக்கி நாடு முழுக்கப் பாடவைத்தார். சிம்ப்சன்ஸும் 1992இல் ஒரு கொடுமைக்கார முகாமைக் காட்டிவிட்டது.

நம் ஊர் சம்மர் கேம்ப் வேறு சாதி. ஏசி ஹாலில் காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, கடைசி நாள் ஒரு சர்ட்டிஃபிகேட். அங்கே தொலைந்துபோக வழியே கிடையாது, பாத்ரூமுக்கே டீச்சர் கூட வருவார். ஆனால் சாரணர் இயக்கம் நமக்கும் உண்டு. நானே பள்ளியில் ஸ்கவுட். மூன்று விரல் வணக்கம், இடது கை குலுக்கல், பலவகை முடிச்சுகள். இன்று வரை எனக்குப் பயன்பட்டது ரீஃப் முடிச்சு மட்டும்தான், பழைய பேப்பர் கட்ட.

எங்கள் மகளுக்குப் பேட்ஜ்தான் பித்து. கேம்ப் கிட்னியில் எதற்கெடுத்தாலும் ஒரு பேட்ஜ் என்பதால் அவளும் தயாரிக்க இறங்கினாள். வீட்டில் சேர்ந்துகிடந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து வட்டவட்டமாக வெட்டினாள். ஒரு பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் படம், மறுபக்கம் தங்க எழுத்தில் பாதிப் பிள்ளையார், பாதி மணமகள். ஊக்கு வைத்துக் குத்திவிட்டாள். தாத்தாவுக்குப் பேப்பரை மடிப்புக் கலையாமல் படித்ததற்கு. பாட்டிக்கு, போனில் பேசிக்கொண்டே பூக் கட்டியதற்கு. அம்மாவுக்கு மூன்று, எதற்கு என்று கேட்டால் “எல்லாத்துக்கும்” என்றாள். எனக்கு ஒன்று. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொல்வதற்கு. அதைக் குத்திக்கொண்டு நான் கடைக்குப் போய்வந்ததை யாரும் சொல்லவில்லை. கடைக்காரர் மட்டும் கட்சி எது என்று கேட்டார்.

குழந்தை ஒரு காரணத்துக்குச் சிரிக்க, பக்கத்தில் இருக்கும் பெரியவர் வேறு காரணத்துக்குச் சிரிக்க வைப்பதில் இந்தத் தொடர் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. முகாமின் நர்ஸ் லெஸ்லி ஒரு சுறா. அதைப் பார்த்ததுமே மகள் சிரித்தாள். எப்போதும் உடம்பு சரியில்லாத சாம்சன் என்ற கினிப் பன்றி அந்தச் சுறாவை நம்பித்தான் இருக்கிறது என்பதற்கு நான் சிரித்தேன். பில் கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் அது புரியும். ராஜ் மார்ஷ்மெல்லோவுக்கு அடிமையாகிற ஒரு கதை உண்டு. குழந்தைக்கு அது தின்பண்டக் கதை. நமக்கு வேறு மாதிரித் தெரியும், கையில் இருக்கிற மிக்சர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவோம்.

ராஜைப் பற்றி வீட்டில் கருத்து வேறுபாடு. இந்தியர் என்றால் இப்படித்தான் பேசுவார் என்று அமெரிக்கா நெடுநாளாக நம்பும் அந்த உருட்டல் ஆங்கிலம் அதற்கு. குரல் கொடுத்தவர் ஜெஃப் பென்னட் என்ற அமெரிக்கர். “இது எந்த ஊர் இந்தியன்?” என்று மனைவி சண்டைக்கே போய்விட்டாள். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் ராஜ் கணக்குப் புலியாக, கம்ப்யூட்டர் மேதையாக வரவில்லை. மேதை அந்த அதிகம் பேசாத கிளாம்தான். ராஜ் பயந்தாங்கொள்ளி, சுத்தக்காரன், நண்பர்களுக்காக முனகிக்கொண்டே கூடப் போகிறவன். என் பள்ளித் தோழர்களில் பாதிப் பேர் இப்படித்தான்.

லாஸ்லோவைப் பற்றி நான் அதிகம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. தொடர் அவன் பெயரில் இருந்தாலும், பெரியவர்களுக்கு அவன் ஒரு வானிலை மாதிரி, வருகிறான், எல்லாம் நனைகிறது. அவன் விதிகளை எதிர்க்கிறவன்கூட இல்லை, விதி என்று ஒன்று இருப்பதையே கவனிக்காதவன். எதிர்க்கிறவனைச் சமாளிக்க மெமோ இருக்கிறது. சந்தோஷமாக இருப்பவனுக்கு எந்த மெமோ கொடுப்பது? லம்பஸின் துன்பமே அதுதான். ஒழுங்காகச் சட்டம் பேசும் எட்வர்டுக்கும் அதே வயிற்றெரிச்சல். இந்த லாஸ்லோவை வைத்து எடுத்த ‘வேர் இஸ் லாஸ்லோ?’ என்ற நீளப்படம் 2007இல் எம்மி விருதே வாங்கியிருக்கிறது. ஸ்லிங்க்மேனுக்கு யாரும் ஒன்றும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

கடைசிக் கதையைச் சொல்லப்போகிறேன். பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். இத்தனை காலம் கத்திக்கொண்டிருந்த லம்பஸ் முகாமின் தலைவரே இல்லை என்று தெரியவருகிறது! உண்மையான தலைவரைப் பிடித்து அலமாரிக்குள் பூட்டிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு இவர் உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் வந்து லம்பஸை அழைத்துப் போய்விடுகிறார்கள். குழந்தைகள் தொடருக்கு இப்படி ஒரு முடிவா என்று நான் திகைத்துப் போனேன். மகளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, பெரியவர்கள் எல்லாருமே அப்படித்தான் என்பது அவளுக்கு முன்பே தெரியும் போல. அப்பாதான் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் இருந்தாருடா. பதினோரு வருஷம். ஒரு தடவையாவது அந்த ரெக்கார்டு ரூம் பீரோவைத் திறந்து பாத்திருக்கணும்” என்றார்.

உங்களுக்கு இந்தத் தொடர் கையில் கிடைத்தால் ஒரு குழந்தையையும் ஓய்வுபெற்ற ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். குழந்தை எழுந்து போனாலும் நிறுத்த வேண்டாம். வீட்டுக்கு மேனேஜர் வந்திருந்தால் மட்டும் கடைசிக் கதையைப் போடாதீர்கள், இன்க்ரிமென்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.